கவுன்டரின் பெயரில் ஓடிய புரோகிராம்

வெப் சர்வர் வேலைக்கு நான் போய்ச் சேர்ந்தபோது எனக்கு முப்பத்தைந்து வயது தாண்டிவிட்டது. கூட இருந்தவர்கள் எல்லாரும் கல்லூரி முடித்த கையோடு வந்தவர்கள். ஒரு நாள் அவர்களில் ஒருத்தி தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டாள். அவள் எழுதியது ஒரு சி.ஜி.ஐ. புரோகிராம். எங்கோ ஓர் ஊரில் ஒருவர் படிவத்தை நிரப்பி அனுப்பினால், சர்வரில் அது எழுந்து ஓடும், கேட்டதைத் தேடும், பதிலை எழுதி அனுப்பிவிட்டு முடிந்துபோகும். அவள் கையால் ஓட்டினால் ஒழுங்காகப் பதில் வந்தது. வெளியிலிருந்து யாராவது கேட்டு, சர்வர் ஓட்டினால், ஒன்றுமே இல்லை என்றது.

நான் எழுந்துகூடப் போகவில்லை. உட்கார்ந்த இடத்திலிருந்தே, "சர்வர் உன் பேர்ல ஓடாது, அது பேர்லதான் ஓடும். அந்த ஃபைலைப் படிக்க அதுக்கு அனுமதி இருக்கா பாரு" என்றேன். இல்லை. ஒரு வரி தட்டினாள், சரியாகிவிட்டது. எப்படி இவ்வளவு சீக்கிரம் தெரிந்தது என்று எல்லாரும் சிரித்துக்கொண்டே கேட்டார்கள். எனக்கு வந்த கோபத்தில் வெளியே போய் நின்றேன். பாவம், என்ன தப்பாகச் சொன்னோம் என்று அந்தப் பெண் பயந்துபோயிருப்பாள். அவள் ஒன்றும் செய்யவில்லை. இந்தப் பிழையை நான் எந்தப் புத்தகத்திலும் படித்துக் கற்கவில்லை, காரைக்காலில் ஒரு பெண்ணின் தலையில் கட்டிக் கற்றேன்.

எண்பதுகளின் கடைசி அது. சென்னையில் கம்ப்யூட்டர் படித்துவிட்டு ஊர் திரும்பி, சும்மா இருந்த என்னை ஓர் அறக்கட்டளை கூப்பிட்டு வேலை கொடுத்தது. நர்ஸ் பயிற்சிப் பள்ளி ஒன்று அவர்கள் நடத்திவந்தார்கள். படிப்பு இலவசம், தங்குவதும் சாப்பாடும் இலவசம், முடித்தால் வேலை கிட்டத்தட்ட நிச்சயம். வருடத்துக்கு முப்பது சீட்டுதான். காரைக்காலின் எல்லாக் கொம்யூன்களிலிருந்தும், பிரெஞ்சுக்காரர் காலத்திலிருந்து ஊராட்சி வட்டாரத்துக்கு எங்கள் பக்கம் அதுதான் பெயர், விண்ணப்பம் வந்து குவியும். பிரான்சில் குடியேறிவிட்ட நம் ஊர்க்காரர் ஒருவர் கொடுத்த நன்கொடையில் அந்த வருடம் கம்ப்யூட்டர் வாங்கியிருந்தார்கள். உள்ளறையில் ஒரு பெரிய மெஷின். அதிலிருந்து கம்பி இழுத்து, டைப்பிஸ்ட் மேசையில் ஒரு திரை, முன்பக்கக் கவுன்டரில் ஒரு திரை. மெஷினுக்கு ஏ.சி. போட்டார்கள். வெயிலில் வரிசையில் நிற்கிற பெண்பிள்ளைகளுக்கு ஒரு பந்தல் போடுங்கள் என்றதற்கு, அது அடுத்த வருடம் பார்க்கலாம் என்றார் செயலாளர்.

செயலாளர் பிரெஞ்சுப் பட்டாளத்திலிருந்து ஓய்வுபெற்று வந்தவர். இஸ்திரி கலையாத சட்டை, பேச்சிலும் அதே இஸ்திரி. அவர் முதல் நாளே விஷயத்தைத் தெளிவாகச் சொல்லிவிட்டார். விண்ணப்பம் வந்து சேர்ந்ததா என்று கேட்டு வருகிறவர்களுக்கு இனிமேல் பழைய பதிவேட்டைப் புரட்டிக்கொண்டிருக்க வேண்டாம். கவுன்டரில் இருப்பவர் எண்ணைத் தட்டவேண்டும், மெஷின் தேடவேண்டும், பதில் சீட்டில் அடித்து வரவேண்டும். பதிவேட்டை எடுத்து அலமாரியில் வைத்துப் பூட்டிச் சாவியைத் தன் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டார்.

அந்தப் புரோகிராமை நான் எழுதினேன். சின்னப் புரோகிராம்தான், இருபது வரி இருக்கும். ஒவ்வொரு கொம்யூனுக்கும் ஒரு ஃபைல். எண் வந்ததும் எல்லா ஃபைலையும் ஒவ்வொன்றாகத் திறந்து தேடும். கிடைத்தால் 'உண்டு', கிடைக்காவிட்டால் 'இல்லை'. தமிழ் எழுத்து அந்தப் பிரிண்டருக்கு வராது என்பதால் அந்த இரண்டு தமிழ்ச் சொற்களையும் ஆங்கில எழுத்தில் அடித்தேன்.

அந்த மாதிரி மெஷினில் ஒரு நியதி உண்டு. உட்காருகிற ஒவ்வொருவருக்கும் ஒரு பெயர் கொடுக்கவேண்டும். எனக்கு ஒரு பெயர், டைப்பிஸ்டுக்கு ஒரு பெயர், கவுன்டருக்கு 'கவுன்டர்' என்றே ஒரு பெயர். யார் ஒரு ஃபைலை உண்டாக்குகிறார்களோ அது அவர்களுடையது. மற்றவர்கள் படிக்கலாம் என்று அவர்கள் அனுமதி கொடுத்தால்தான் மற்றவர்களுக்கு அது திறக்கும். புரோகிராமுக்கும் இதே கதிதான். எழுதினவள் நானாக இருந்தாலும், கவுன்டரில் ஓடும்போது அது கவுன்டரின் பெயரில் ஓடும். கவுன்டருக்கு எது திறக்குமோ அதுதான் அதற்கும் திறக்கும். இதெல்லாம் எனக்கு நன்றாகத் தெரியும். பரீட்சையில் இதைப் பற்றி ஒன்றரைப் பக்கம் எழுதியிருக்கிறேன்.

முதலில் நான் எழுதியபோது அந்தப் புரோகிராமுக்கு மூன்று பதில்கள் இருந்தன. உண்டு, இல்லை, அப்புறம் ஒன்று: ஏதாவது ஃபைலைத் திறக்க முடியாமல் போனால், திறக்க முடியவில்லை என்று மெஷின் தானாகவே ஆங்கிலத்தில் ஒரு வாக்கியம் அடிக்கும். செயலாளரிடம் ஓட்டிக் காட்டிய அன்று, ஃபைல் ஒன்றின் பெயரை நான் தவறாகத் தட்டியிருந்ததால் அந்த வாக்கியம் சீட்டில் வந்து விழுந்தது. அவர் சீட்டைக் கையில் எடுத்து விளக்குக்கு நேராகப் பிடித்துப் பார்த்தார்.

"இது என்ன, மெஷின் முடியலைன்னு சொல்லுது? அவ்வளவு செலவு பண்ணி வாங்கினது முடியலைன்னு சொல்றதுக்கா? உண்டு, இல்லை. ரெண்டு பதில்தான் வரணும்."

நான் வாயைத் திறந்திருக்கவேண்டும். தெரியாததைத் தெரியாது என்று சொல்வதுதான் அந்த மெஷினில் இருந்ததிலேயே நல்ல குணம் என்று சொல்லியிருக்கவேண்டும். சொல்லவில்லை. வேலைக்குச் சேர்ந்து இரண்டு மாதம்தான் ஆகியிருந்தது. நல்ல பெயர் எடுக்கவேண்டும் என்ற ஆசை வேறு. திரும்பி வந்து, மெஷின் முறையிடுகிற வாக்கியம் எதுவானாலும் சீட்டில் வராமல் காற்றில் போகட்டும் என்று ஒரே ஒரு வரி சேர்த்தேன். அதன்பிறகு அந்தப் புரோகிராம் முடியலை என்று சொல்லவே இல்லை. முடியாதபோதெல்லாம் 'இல்லை' என்றது.

யோசித்துப் பார்த்தால் அதில் விசேஷம் ஒன்றுமில்லை. எங்கள் ஊர்க் கவுன்டர்கள் எல்லாமே அப்படித்தான் நடந்தன. சின்ன வயதில் அப்பாவோடு போய் எத்தனை இடத்தில் நின்றிருக்கிறேன். எந்தக் கவுன்டரிலாவது ஒருவர் 'எனக்குத் தெரியாது, கேட்டுச் சொல்கிறேன்' என்று சொல்லிக் கேட்டதில்லை. தெரியாது என்றால் எழுந்துபோய்ப் பார்க்கவேண்டும். இல்லை என்றால் உட்கார்ந்தே இருக்கலாம், வந்தவர்தான் எழுந்துபோவார். அந்தப் பழக்கத்தை இருபது வரியில் அழகாக எழுதி மெஷினுக்குள் ஏற்றிக் கொடுத்தவள் நான்.

எங்கள் கவுன்டரில் இருந்த கிளார்க்கும் அந்த ரகம்தான். ஐம்பது வயது, மூக்குக்கண்ணாடி, எதிரில் நிற்பவரை நிமிர்ந்து பார்க்காமலே வேலையை முடிக்கத் தெரிந்தவர். மெஷின் வந்ததில் அவருக்குத்தான் அதிக சந்தோஷம். முன்பு அவர் இல்லை என்றால் ஆட்கள் சண்டைக்கு வருவார்கள். இப்போது மெஷினே இல்லை என்கிறது, அவரிடம் என்ன சண்டை போடமுடியும்?

விண்ணப்பம் சேர்ந்ததா என்று பார்த்துக்கொள்ள மூன்று நாள் கொடுத்திருந்தார்கள். புதன், வியாழன், வெள்ளி. இல்லை என்று சீட்டு வந்தவர்கள் வெள்ளி மாலைக்குள் சான்றிதழ்களோடு புது விண்ணப்பம் கொடுக்கலாம். திங்கட்கிழமை நேர்காணல். அந்தப் புதனுக்கு முந்தின நாள், செவ்வாய்க்கிழமை, நல்ல வெயிலில் கரண்ட் போனது. டைப்பிஸ்ட் அடித்துக்கொண்டிருந்த நெடுங்காடு ஃபைல் அப்படியே பாதியில் கெட்டுப்போயிற்று. ஃபிளாப்பியில் எடுத்து வைத்திருந்ததை வைத்து நான் என் இடத்தில் உட்கார்ந்து அதைத் திரும்ப உண்டாக்கினேன். மிச்சம் இருந்ததை நானே அடித்து முடித்தேன். புரோகிராமை ஓட்டி நாலு நெடுங்காட்டு எண்களைக் கொடுத்துப் பார்த்தேன். உண்டு, உண்டு, உண்டு, உண்டு. நிம்மதியாக வீட்டுக்குப் போய் மீன்குழம்பு சாப்பிட்டேன்.

ஓட்டிப் பார்த்தது என் பெயரில். ஃபைல் என்னுடையது. கவுன்டருக்கு அனுமதி கொடுக்க மறந்துவிட்டேன்.

புதன்கிழமை காலையிலிருந்து நெடுங்காட்டு எண் எது வந்தாலும் சீட்டில் 'இல்லை' என்று விழுந்தது. மற்ற கொம்யூன்காரர்களுக்கெல்லாம் ஒழுங்காக வந்ததால் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. நெடுங்காட்டிலிருந்து விண்ணப்பித்தவர்கள் மொத்தமே ஏழு பேர். அவர்களும் ஒன்றாக வரவில்லை, ஒருவர் காலையில், ஒருவர் மறுநாள் மத்தியானம் என்று பஸ் கிடைத்தபடி வந்தார்கள். மூன்றாவது ஆளுக்கும் இல்லை என்று வந்தபோது கிளார்க் என் பக்கம் திரும்பி, அந்த ஊர்க்காரர்களே இப்படித்தான், பாரத்தை எங்கேயாவது போட்டுவிட்டு நம்மிடம் வந்து நிற்பார்கள் என்றார். நானும் சிரித்தேன்.

அந்தச் சிரிப்பை என்னால் இன்றைக்கும் மன்னிக்க முடியவில்லை. தொடர்ந்து மூன்று பேர், ஒரே கொம்யூன். இதுவே காரைக்கால் டவுனிலிருந்து வந்த மூன்று பேராக இருந்திருந்தால், பாதிரியார் தெருவில் எங்கள் வீட்டுக்குப் பக்கத்து வீட்டுப் பெண்ணாக இருந்திருந்தால், ஓடிப்போய் மெஷினைப் பார்த்திருப்பேன். வயல்வேலைக்காரர்கள் வீட்டுப் பெண்கள் என்பதால், தப்பு அவர்களிடம்தான் இருக்கும் என்று நினைக்க எனக்கு எந்தக் கஷ்டமும் இல்லை. என் புரோகிராம் சொன்ன பொய்யும் எங்கள் மனதில் ஏற்கெனவே இருந்த எண்ணமும் ஒன்றாக இருந்தன. அதனால்தான் அது மூன்று நாளும் மாட்டிக்கொள்ளாமல் ஓடியது.

அந்த ஏழு பேரில் ஒருத்தி மிராசுதார் வீட்டுப் பெண். அவளுடைய அப்பா வியாழக்கிழமை காலை காரில் வந்து இறங்கி நேரே செயலாளர் அறைக்குள் போனார். செயலாளர் சட்டைப்பையிலிருந்து சாவியை எடுத்தார், அலமாரியைத் திறந்தார், பதிவேட்டைப் புரட்டினார். பெயர் இருந்தது. மெஷின் கொடுத்த சீட்டில் இல்லை என்பதை அடித்துவிட்டு, மேலே பேனாவால் உண்டு என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். பதிவேட்டைத் திரும்ப உள்ளே வைத்துப் பூட்டினார். ஏன் மெஷின் இல்லை என்றது என்று என்னைக் கூப்பிட்டு ஒரு வார்த்தை கேட்கவில்லை. இது நடந்ததே எனக்குப் பிற்பாடுதான் தெரியும். இன்னும் ஐந்து பேர் எப்படியோ ஓடி அலைந்து புது விண்ணப்பம் கொடுத்துவிட்டார்கள். மிச்சம் ஒருத்தி.

அவள் வியாழக்கிழமை அம்மாவோடு வந்தாள். நீலத் தாவணி, எண்ணெய் வைத்துப் படிய வாரிய தலை. எண் இருநூற்றுப் பதினேழு. கையில் எங்கள் பள்ளியே கொடுத்த ஒப்புகைச் சீட்டு இருந்தது, எங்கள் வட்ட முத்திரையோடு. கிளார்க் எண்ணைத் தட்டினார், பிரிண்டர் கறகறத்தது, இல்லை என்று சீட்டு வந்தது. அவள் ஒப்புகைச் சீட்டைக் கம்பிக்குள் நீட்டினாள். அதற்கு அவர் சொன்ன பதில் எனக்கு வார்த்தை மாறாமல் நினைவிருக்கிறது.

"இது நாங்க வாங்குனதுக்கு அத்தாட்சி. மெஷின்ல ஏறுனதுக்கு அத்தாட்சி இல்ல."

அவளுடைய அம்மா அந்த இடத்திலேயே அவளைத் திட்ட ஆரம்பித்துவிட்டாள். பாரத்தை ஒழுங்காகக் கொடுத்தாயா, வேறு எதையாவது கொடுத்துவிட்டு வந்தாயா, பஸ்ஸுக்குக் கொடுத்த காசை என்ன செய்தாய் என்று. வரிசையில் நின்றவர்கள் எல்லாரும் பார்த்தார்கள். அந்தப் பெண் அழவில்லை. கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் நான் நிற்பதைப் பார்த்துவிட்டு என் பக்கம் வந்தாள்.

"அக்கா, நான் இங்கதான் குடுத்தேன். நீங்க உள்ள போயி ஒரு தடவ பாருங்கக்கா."

உள்ளே போய் ஒரு தடவை. அவ்வளவுதான் அவள் கேட்டது. போயிருந்தால் என் பெயரில் ஓட்டியிருப்பேன், உண்டு என்று வந்திருக்கும். பத்து அடி தூரம். எனக்கு அன்றைக்கு வேறு என்ன தலைபோகிற வேலை இருந்தது என்று எவ்வளவோ யோசித்துப் பார்த்துவிட்டேன், ஒன்றும் நினைவுக்கு வரவில்லை. "மெஷின்ல இல்லைன்னா இல்லதாம்மா. வேற பாரம் குடுத்துடுங்க" என்று சொல்லிவிட்டு உள்ளே போனேன். மெஷின் பக்கத்தில்தான் போய் உட்கார்ந்தேன்.

வேறு விண்ணப்பம் கொடுக்க வேண்டுமென்றால் இருப்பிடச் சான்று, பிறப்புப் பதிவின் நகல் எல்லாம் புதிதாக வேண்டும். முதலில் வாங்கியதெல்லாம் எங்கள் அலமாரிக்குள் இருந்தது. அவர்கள் அன்றைக்கும் மறுநாளும் கொம்யூன் அலுவலகத்தில் போய் நின்றிருக்கிறார்கள். கையெழுத்துப் போடுகிறவர் விடுப்பில் இருந்தார். திங்கட்கிழமை வாருங்கள் என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் நேர்காணல் பட்டியலை நான்தான் அடித்தேன், என் பெயரில். எல்லா ஃபைலும் எனக்குத் திறந்தது. அச்சாகி வந்த பட்டியலில் ஐந்து பெயர்கள் இரண்டிரண்டு தடவை வந்திருந்தன. ஐந்தும் நெடுங்காடு. ஒரு தடவை நெடுங்காடு ஃபைலிலிருந்து, இன்னொரு தடவை புதிதாகக் கொடுத்தவர்களின் ஃபைலிலிருந்து. இல்லவே இல்லை என்று சொல்லப்பட்டவர்கள் எப்படி ஏற்கெனவே இருந்தார்கள் என்று கேட்க எந்த மூளையும் வேண்டாம், கண் இருந்தால் போதும். நான் டைப்பிஸ்டை மனதுக்குள் திட்டிக்கொண்டே, இரண்டாவது தடவை வந்ததையெல்லாம் கோடு கிழித்து அடித்துவிட்டு, சுத்தமாக இன்னொரு பிரதி எடுத்துக் கொடுத்தேன். அதை அறிவிப்புப் பலகையில் ஒட்டினார்கள். அதில் இருநூற்றுப் பதினேழும் இருந்தது. அவள் வந்து பார்க்கவில்லை. இல்லை என்று சொல்லி அனுப்பப்பட்டவள் பலகையில் பெயரைத் தேட எதற்காகப் பஸ் ஏறி வரப்போகிறாள்?

திங்கட்கிழமை பதினொரு மணி இருக்கும். கூடத்து வாசலில் நின்றுகொண்டு பியூன் ஒவ்வொரு எண்ணாகக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். இருநூத்திப் பதினேழு என்றார். யாரும் எழவில்லை. இரண்டாம் தடவை கூப்பிட்டார். மூன்றாம் தடவை கூப்பிட்டுவிட்டு, உள்ளே பார்த்து வரலைங்க என்று குரல் கொடுத்தார். உள்ளே யாரோ பட்டியலில் அப்படியே எழுதிக்கொண்டார்கள். நான் தாழ்வாரத்தில் காகிதக் கட்டோடு போய்க்கொண்டிருந்தேன். அந்த எண்ணைக் கேட்டதும் நீலத் தாவணி கண்முன் வந்தது. காகிதக் கட்டை அங்கேயே வைத்துவிட்டேன்.

உள்ளறைக்குப் போய் எண்ணைத் தட்டினேன். உண்டு. கவுன்டருக்குப் போய், கிளார்க்கை எழுந்திருக்கச் சொல்லிவிட்டு அதே எண்ணைத் தட்டினேன். இல்லை. ஒரே புரோகிராம், ஒரே எண், பத்து அடி தூரத்தில் இரண்டு பதில். எனக்கு அப்போதே முழுதும் விளங்கிவிட்டது.

அந்த நிமிடமே நான் வாசலில் நின்ற வாடகைக் காரைப் பிடித்து நெடுங்காட்டுக்குப் போயிருக்கவேண்டும். போக அரை மணி, வர அரை மணி. நேர்காணல் மூன்று மணி வரைக்கும் நடந்தது. நான் அதைச் செய்யவில்லை. செயலாளரிடம் ஓடினேன். அவர் நிதானமாகக் கேட்டுவிட்டு, மெஷின் தப்பு என்றால் நிரூபித்துக் காட்டுங்கள் என்றார். நானும் நிரூபிக்கப் போனேன். அதுதான் என் புத்தி. ஒரு பெண்ணைக் கூட்டிவர வேண்டிய நேரத்தில் ஒரு ஃபைலைத் திறந்து காட்டுவதுதான் முக்கியம் என்று பட்டது. எழுபது, எண்பது எண்களைக் கவுன்டரில் ஒரு தடவை, உள்ளே ஒரு தடவை ஓட்டி, இரண்டு வரிசையாகச் சீட்டுகளை ஒட்டி, அனுமதி இல்லாததை அடிக்கோடிட்டு, அதற்கு விளக்கம் எழுதி எடுத்துக்கொண்டு போனேன். மிக நேர்த்தியான நிரூபணம். மணி மூன்றே கால். நேர்காணல் குழு டிபன் சாப்பிட்டுவிட்டுக் காரில் ஏறிக்கொண்டிருந்தது.

செயலாளர் என் காகிதங்களைப் படித்தார். சரியாகத்தான் படித்தார், புரிந்தும்கொண்டார். மிராசுதார் விஷயத்தை அப்போதுதான் அவர் வாயாலேயே கேட்டேன், ஆமாம், எனக்கும் ஒரு சந்தேகம் இருந்தது என்று. இருந்ததாம். வியாழக்கிழமையே இருந்ததாம்.

நாளைக்கு அவளைக் கூட்டி வருகிறேன், ஒரே ஒரு ஆள், நீங்களே பேசிப் பாருங்கள் என்று கெஞ்சினேன். அவளுக்கு இந்த வருடத்தோடு வயது வரம்பு முடிகிறது என்பதை விண்ணப்பத்தில் பார்த்துவிட்டு வந்திருந்தேன். அதையும் சொன்னேன். அவர் காகிதங்களை அடுக்கி என்னிடமே கொடுத்தார்.

"கூப்புட்டோம், வரலை. அதுதான் எழுத்துல இருக்கு. மெஷின் தப்புன்னு நான் எழுதிக் குடுத்தா நன்கொடை குடுத்தவருக்கு என்ன பதில் சொல்றது? பிழையைத் திருத்திட்டீங்கல்ல, விடுங்க."

விடுங்க. அந்த வார்த்தையைக் கேட்டதும் மேசையில் இருந்த மைக்கூட்டை எடுத்து அவருடைய இஸ்திரிச் சட்டையில் கொட்டவேண்டும்போல் இருந்தது. கொட்டவில்லை. உள்ளறைக்குப் போய், முறையீடுகளைக் காற்றில் விடுகிற அந்த ஒரு வரியைப் புரோகிராமிலிருந்து எடுத்தேன். திறக்க முடியாவிட்டால் முடியவில்லை என்று அடிக்கட்டும், கூடவே பதிவேட்டைப் பார்க்கவும் என்றும் அடிக்கட்டும் என்று எழுதிவைத்தேன். இரண்டு நாளில் அதை எடுக்கச் சொன்னார். மாட்டேன் என்றேன். அந்த மாதக் கடைசியில் என்னை வரவேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். அதைப் பெரிய தியாகம் மாதிரி நான் யாரிடமும் சொல்லிக்கொண்டதில்லை. எனக்கு வேறு வேலை கிடைத்தது. நான் படித்தவள்.

நேர்காணலுக்கு மறுநாள், செவ்வாய்க்கிழமை காலை, பஸ் ஏறி நெடுங்காட்டுக்குப் போனேன். யாராவது என்னைத் திட்டவேண்டும் என்று இருந்தது. வழியெல்லாம் அதற்குத்தான் தயாராகிக்கொண்டு போனேன். வாய்க்காலில் இன்னும் தண்ணீர் வந்து சேரவில்லை. வயலெல்லாம் வெடித்துக் கிடந்தது, வேலை இல்லாமல் ஆட்கள் வீட்டில் இருந்தார்கள். கேட்டுக் கேட்டுப் போய்ச் சேர்ந்தபோது அந்தப் பெண்ணின் அப்பா வாசலில் உட்கார்ந்து கயிறு திரித்துக்கொண்டிருந்தார். நான் நர்ஸ் பள்ளிக்கூடத்திலிருந்து வருகிறேன் என்றதும் பதறி எழுந்து, தோளில் இருந்த துண்டை எடுத்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டார். உள்ளேயிருந்து அம்மா ஒரு பாயைக் கொண்டுவந்து விரித்தாள். அந்தப் பெண் கதவோரம் வந்து நின்றாள்.

நின்றுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். ஃபைல், அனுமதி என்றெல்லாம் சொல்லவில்லை. உங்கள் மகள் விண்ணப்பம் கொடுத்தது உண்மை, அது எங்களிடம் பத்திரமாக இருந்தது, நான் செய்த தப்பால் இல்லை என்று சீட்டு வந்தது, நேற்று அவள் பெயரைக் கூப்பிட்டார்கள், இப்போது சீட்டெல்லாம் நிரம்பிவிட்டது, என்னால் ஒன்றும் செய்ய முடியவில்லை என்று சொன்னேன். அம்மா மகளை ஒரு தடவை பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டாள். ஐந்து நாளாக அந்த வீட்டில் அவளைப் பொய்க்காரி என்று பேசியிருக்கிறார்கள். அது அந்தக் குனிந்த தலையிலேயே தெரிந்தது.

அப்பா கயிற்றை ஓரமாகத் தள்ளி வைத்தார். அப்புறம், "பரவால்லங்க. இவ்வளவு தூரம் வந்து சொன்னீங்களே, அதுவே பெருசு. யாரு வந்து சொல்லுவா" என்றார். குடிக்க ஏதாவது கொண்டுவரச் சொல்லி உள்ளே பார்த்துக் கைகாட்டினார். எனக்கு வந்தது அழுகை இல்லை, கோபம். அவர்மேலும்தான். என்னை அடித்துத் துரத்தவேண்டிய மனிதர் எனக்குப் பாய் போட்டு உட்காரச் சொல்கிறார். இத்தனை வருடம் கவுன்டர் கவுன்டராக நின்று, இல்லை என்ற சொல்லை வாங்கிக்கொண்டு திரும்பிப் பழகியவர், யாராவது ஒரு வார்த்தை மரியாதையாகப் பேசினால் அதற்கே நன்றி சொல்கிறார்.

நான் கிளம்பினேன். வேலிப் படலைத் தாண்டும்போது பின்னால் அந்தப் பெண் வந்தாள். என் கூடவே நாலு அடி நடந்தாள். அவளுக்கு என் தோள் உயரம்தான் இருக்கும். நின்று, நேராக என் முகத்தைப் பார்த்தாள்.

"பரவால்லன்னு எங்கப்பா சொல்லிட்டாரு. நான் சொல்லலங்க."

பதிலுக்கு நிற்காமல் திரும்பி நடந்து வீட்டுக்குள் போய்விட்டாள்.